யோசேப்பு அனுப்பிய வண்டிகள்



கோடை விடுமுறை வந்தால் மும்பையிலும் புனேயிலும் வாழும் நம் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான்: ஊருக்குப் போவது எப்படி? இரயில் பதிவு 60 நாட்களுக்கு முன்னர் மாத்திரமே என்னும் விதி 2024 நவம்பரில் வந்தது. திருநெல்வேலி, நாகர்கோவில் வண்டிகளில் இடம் கிடைப்பது அரிது. ஆகவே இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வேன் அமர்த்திக்கொள்ளுகிறோம். மேல்நாடுகளில் படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவன் வண்டியில் உறவினரைக் காணச் செல்லுவார்கள். கேரள அரசும் 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. நமக்கோ புளிச்சோற்றுத் தூக்கும் ஜமுக்காளமும் ஏற்றிய வாடகை வேனே கேரவன்!

மும்பையிலிருந்து நெல்லைக்கு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். ஓட்டுநர் இருவர் இருக்கட்டும். சேலத்துக்கு முன்னுள்ள தொப்பூர் கணவாயை இரவில் கடக்கவேண்டாம்; அங்கே நேர்ந்த விபத்துகள் கொஞ்சமல்ல. ஞாயிறு ஆராதனை வழியிலே தவறிப்போகாதபடி புறப்படும் நாளைக் குறியுங்கள். இவற்றை உங்கள் போதகரே சொல்லியிருப்பார். நான் எழுத விரும்பியது வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அப்படியே வேனில் போனோம். பன்னிரண்டு இருக்கை, பன்னிரண்டு பேர். ஊரில் ஒரு நாள் தங்கிவிட்டு, மறுநாள் குற்றாலம், அதற்கடுத்த நாள் கன்னியாகுமரி என்று திட்டம். காலையில் என் தகப்பனார் சட்டை மாற்றிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார். நாங்கள் எல்லாரும் ஏறியபின் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "எடமில்லேன்னா என்னய்யா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். நாங்களும் போய்வந்தோம். அருவியில் குளித்தோம், படம் எடுத்தோம். அடுத்த கோடையில் அவருக்கென்று ஓர் இருக்கை வைத்தே வேன் அமர்த்தினேன். அதற்குள் முழங்கால் தளர்ந்து, வேன் படியில் அவரால் ஏற இயலவில்லை.

ஆதியாகமம் 45-ஆம் அதிகாரத்தை அதன்பின்பே நான் கவனித்து வாசித்தேன். யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று மகன்கள் வந்து சொன்னபோது யாக்கோபு நம்பவில்லை. தன்னை ஏற்றிச்செல்ல வந்து நின்ற வண்டிகளைக் கண்டபோதுதான் கிழவருடைய உள்ளம் உயிர்பெற்றது. வாரந்தோறும் தொலைபேசியில் நாம் பேசும் அன்பான வார்த்தைகளை அந்த வண்டிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னும் ஒன்று: அடுத்த அதிகாரத்தில், வழியிலே பெயெர்செபாவில் தங்கிப் பலி செலுத்தினவர் யாக்கோபே. தங்குமிடத்தைத் தகப்பன் தெரிந்துகொண்டார். அங்கேதான் இரவிலே தேவன் அவரோடு பேசினார்.

அந்த ஆண்டு அப்பா வீட்டிலிருக்க, அக்காளைத் துணைக்கு வைத்துவிட்டு, அம்மாவை மாத்திரம் அழைத்துச் சென்றோம். எங்கே போகலாம் என்று அவர்களையே கேட்டோம். குற்றாலத்தைச் சொல்லவில்லை. தாங்கள் கேள்விப்பட்டு மாத்திரமிருந்த மூன்று சிற்றூர்களைச் சொன்னார்கள். மூன்றும் நம் மாவட்டப் பக்கமே. எழுபது வயதுவரை ஒருவரும் அவர்களைக் கூட்டிப்போகவில்லை.

முதலில் டோனாவூர். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் பிள்ளைகளை வளர்த்த இடம். 1951-இல் மரித்த அவருடைய கல்லறையில் கல் நாட்டப்படவில்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றும், அதில் அன்னை என்று பொருள்படும் ஒரே சொல்லுமே உண்டு. நாம் கல்லறைகளைக் கனப்படுத்துகிறவர்கள் அல்ல. ஆனாலும் அம்மா அங்கே நெடுநேரம் நின்றார்கள். அது இன்றும் மக்கள் வாழும் வளாகம். உத்தரவு கேட்டு, அமைதியாகச் செல்லுங்கள். பின்பு கால்டுவெல் 1841-இல் வந்து குடியேறிய இடையன்குடி. அவர் கட்டிய ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டையாயிற்று. அவர் குடியிருந்த வீடு இன்று அரசு நினைவில்லம். கடைசியாக மெஞ்ஞானபுரம், 192 அடி உயரக் கோபுரம். சாலையில் வெகுதூரத்திலேயே அதைக் கண்டு பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அம்மாவோ, தங்கள் பாட்டி அந்தக் கோபுரத்தைப் பார்த்தே வீட்டுக்கு வழி கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள். அந்தக் கதையை அதுவரை நான் கேட்டதேயில்லை.

மாலையில் திரும்பியபோது அப்பா திண்ணையிலேயே இருந்தார். எல்லாவற்றையும் அம்மாவின் வாயால் இரண்டுதரம் கேட்டுக்கொண்டார்.

இவ்வாண்டு வேன் பேசுகிறவர்களே, ஆட்களை எண்ணும்போது ஊரிலிருப்பவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். முன்வரிசையில் ஜன்னலோரம் அவர்களுக்கு. ஏறுவதற்கு உறுதியான முக்காலி ஒன்றும் எடுத்துவையுங்கள். வேன் படி முதியோருக்கு மிகவும் உயரம்.