பொறுக்கும் கைக்கே பொருள்!



மரத்தூளையும் மக்காத பிளாஸ்டிக்கையும் கலந்து உருக்கிப் பலகை செய்யலாம், கதவு செய்யலாம், சன்னல் சட்டம் செய்யலாம் என்று சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார் சிலர். "குப்பையிலே குடித்தனமா?" என்று கேலி பேசுவார். பேசட்டும்! அமெரிக்க நாட்டிலே வசதி படைத்தோர் வீட்டு முற்றத்திலே தளமாகப் பரப்பப்பட்டிருப்பது பல இடங்களில் இந்தப் பலகைதான். அங்கே அது அழகு. இங்கே மட்டும் அருவருப்போ?

நமது புதுக்கோட்டை மாவட்டத்தை எண்ணிப் பாரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தாக்கியது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரமெங்கும் தென்னை சாய்ந்தது, பலா வீழ்ந்தது, ஏழையின் கூரை பறந்தது. விழுந்த மரத்தை வெட்டி அகற்ற வழியின்றித் தவித்தான் உழவன். கிடைத்த விலைக்கு விறகாகத் தள்ளிவிட்டான். தோப்பெல்லாம் மரம், தோப்பின் ஓரத்திலேயே தார்ப்பாய்க்குக் கீழே மனிதன்! பொருள் இருந்தது, தேவை இருந்தது. இரண்டையும் இணைக்கும் தொழில் மட்டும் அங்கே இல்லை.

அந்தத் தொழிலிலே மாயமில்லை, மந்திரமில்லை. மர அறுவை ஆலையின் தூளை ஈரமறக் காய வைப்பது. பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, கழுவி, துண்டாக்குவது. இரண்டையும் சூட்டிலே பிசைந்து அச்சிலே அழுத்துவது. மரம் 200 பாகை செல்சியசைத் தாண்டினால் கருகத் தொடங்கும். ஆகவே அதற்குக் குறைந்த சூட்டில் உருகும் பால் உறை, பை, வாளி, நெய்த சாக்கு ஆகியவையே ஏற்றவை. தண்ணீர்ப் புட்டி உருக 250 பாகைக்கு மேல் வேண்டும்; அது இதற்கு ஆகாது. பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய கலவைகளை ஆராய்ந்திருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான சல்லியிலே பூசித் தார்ச்சாலை போடலாம் என்று காட்டினார்; கல்லோடு சேர்த்துத் தளக்கட்டியும் செய்தார்; 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆகவே, அறிவுக்குப் பஞ்சமில்லை நம் நாட்டிலே!

குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பலகையைக் கறையான் எளிதில் அரிக்காது. மழையிலே மரம்போல் உப்பாது. ஆனால் தீயிலே எரியும். நெடுநாள் பாரம் ஏற்றினால் வளையும். ஆகவே தூணுக்கும் உத்திரத்துக்கும் உதவாது. பி.வி.சி. குழாய்த் துண்டு கலந்து சூடு மிகுந்தால் அமிலப் புகை கிளம்பி வேலை செய்வோரின் மூச்சைக் கெடுக்கும். தரம் பிரித்தலும் சோதனையும் இல்லாத பலகை ஏழையின் வீட்டு வாயிலை மிதிக்கலாகாது.

சரி, பலகை பிறந்துவிட்டது. அதன் பலன் யாருக்கு? தோழரே, இதுதான் என் கேள்வி! கொதிக்கும் வெயிலிலே குப்பையைக் கிளறிப் பொறுக்குபவள் தூய்மைக் காவலர். மலிவாகக் குப்பையை வாங்கி, பளபளப்பாக்கி, விலையேற்றி விற்பவர் ஒப்பந்தக்காரர். பொறுக்கியவளின் வீட்டிலே மீண்டும் சாக்குப் படுதாதான் கதவு என்றால், அந்தத் தொழில் வளர்ந்தென்ன, வீழ்ந்தென்ன?

மாற்று வழி உண்டு. அதை நாட்டுக்குக் காட்டியதே இந்த மண்தான். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே கல்குவாரிகள் குத்தகைக்குத் தரப்பட்டன. அறிவொளி இயக்கத்தால் எழுத்தும், மிதிவண்டியால் விரைவும் பெற்று இவ்வூர்ப் பெண்கள் நிமிர்ந்து நின்ற காலம் அது. கூலிக்குக் கல்லுடைத்தவர் குத்தகைதாரர் ஆனார். அன்று கல்லுக்குச் செய்ததை இன்று கழிவுக்குச் செய்யலாகாதோ?

ஒன்றியத்துக்கு ஒரு பட்டறை வேண்டும். அதன் உரிமை தூய்மைக் காவலர், மகளிர் குழு ஆகியோரின் கூட்டுறவுக்கு வேண்டும். வாங்குவார் இல்லையேல் பட்டறை துருப்பிடிக்கும். ஆகவே முதல் வாடிக்கையாளராக அரசே வரவேண்டும். 2030-க்குள் குடிசைகளுக்கு மாற்றாக 8 இலட்சம் வீடுகள் என்று 2024-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அந்த வீடுகளின் கழிப்பறைக் கதவையேனும், அங்கன்வாடிப் பலகையையேனும், சோதனையில் தேறினால், இந்தக் கூட்டுறவிடம் வாங்கட்டுமே!

"குப்பையால் பிழைப்பென்றால் குப்பை பெருகட்டும் என்கிறீரா?" என்று மடக்குவார் ஒருவர். இல்லை! 2019 சனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு தடை செய்தது. அந்தத் தடை இறுகட்டும், மஞ்சப்பை பரவட்டும். அதற்குப் பின்னும் எஞ்சுவதும், இதுவரை மண்ணிலே குவிந்ததும் கொஞ்சமா?

கிளைக் கழகத் தோழரே, மே 1 தொழிலாளர் திருநாள். கிராம சபை கூடும் நாளும் அதுவே. அன்று எழுந்து நின்று கேளும்: நம் ஊர் அறுவை ஆலைத் தூள் எங்கே போகிறது? பிரித்தெடுத்த பிளாஸ்டிக்கை யார் கொண்டுபோகிறார், என்ன விலைக்கு? பொறுக்கியவருக்கு அதிலே எத்தனை காசு? பதில் வரும்வரை அமராதீர்!