சக்கரத்துக்கு ‘டஸ்ட் ஷீல்டு’ போடலாமா? ராயபுரம் டு எண்ணூர்... கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை ஒரு தடவை போய் வந்தாலே போதும். காலையில் துடைத்த கார் சாயங்காலம் வேறு கலரில் நிற்கும். அதுவும் அலாய் வீல் போட்ட சின்ன கார் என்றால் சொல்லவே வேண்டாம். ஆசை ஆசையாக வாங்கிய சக்கரம் இரண்டே நாளில் கரி அடுப்பு மாதிரி ஆகிவிடும். இதற்கு என்ன வழி என்று தேடுகிறவர்கள் கண்ணில் படும் பொருள்தான் ‘பிரேக் டஸ்ட் ஷீல்டு’.

சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் வைத்து முடுக்கும் மெல்லிய வட்டத் தகடு அது. பிரேக்கில் இருந்து கிளம்பும் கறுப்புத் தூள் சக்கரத்தின் வெளிப்பக்கம் வந்து படியாமல் தடுப்பது அதன் வேலை. வெளிநாடுகளில் பல வருடங்களாக விற்கிறார்கள். சொன்ன வேலையை ஓரளவு செய்யவும் செய்யும். ஆனாலும் வடசென்னையில் ஓடும் சின்ன காருக்கு இது வேண்டாம். காரணங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன.

அது பிரேக் தூசிதானா?

பிரேக் மிதித்தால் பேட், சுழலும் இரும்பு டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. அந்தத் தேய்மானம்தான் பிரேக் தூசி. அதில் இரும்பு அதிகம். சூடாகப் பறந்து வந்து ஒட்டிக்கொள்வதாலும், ஈரம் பட்டதும் துரு ஏறுவதாலும் லேசில் போகாது.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கிடம் போக வேண்டியதில்லை. நம் ஊர் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம். டிரம் மூடிய பாத்திரம் மாதிரி. தூசியில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். ஆகவே காரைக் கழுவிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். முன் சக்கரம் மட்டும் கறுத்து, பின் சக்கரம் சுமாராக இருந்தால் அது பிரேக் தூசி. நாலு சக்கரமும் ஒரே மாதிரி சாம்பல் பூத்திருந்தால்? அது ரோட்டுத் தூசி. அதை எந்த ஷீல்டும் தடுக்காது. ஏனென்றால் அது வெளியில் இருந்து வருகிறது.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஓடும் கார்களுக்கு இந்த இரண்டாவது விடைதான் அதிகம் வரும். பக்கத்திலேயே நிலக்கரியில் ஓடும் வடசென்னை அனல் மின் நிலையம், அதன் சாம்பல், மணலி தொழிற்சாலைகள், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள். 40 டன் டிரெய்லரை நிறுத்த, அதே வேகத்தில் வரும் 1 டன் காரை நிறுத்துவதைப் போல 40 மடங்கு ஆற்றல் வேண்டும். அதன் பிரேக்கும் தேய்கிறது, டயரும் தேய்கிறது. எல்லாம் ஒரே ரோட்டில்தான் விழுகிறது. உங்கள் சக்கரத்தில் இருக்கும் பிரேக் தூசியே கூட முன்னால் போன வண்டியுடையதாக இருக்கலாம்!

தூசியைத் தள்ளிவிட்ட கதை

‘தடுப்பு’ என்ற பெயரில் தூசியை வேறு பக்கம் தள்ளுவது ராயபுரத்துக்குப் புதிதல்ல. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளப்பட்ட காலத்தில் ராயபுரம் வீடுகளின் மொட்டை மாடி, கொடியில் காயும் துணி எல்லாவற்றிலும் கரித்தூள் படிந்தது. விவகாரம் நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 மே மாதம் அளித்த உத்தரவின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது போன்ற தூசி கிளப்பும் சரக்குகள் நின்றன. ராயபுரத்துக்கு அது நிஜமான நிம்மதி. மறுக்க முடியாது. ஆனால் நிலக்கரி காணாமல் போய்விடவில்லை. எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரம் மூச்சு விட்டது, எண்ணூர் இருமத் தொடங்கியது என்று அந்தப் பகுதிக்காரர்கள் நினைத்தால் தப்பு சொல்ல முடியுமா?

டஸ்ட் ஷீல்டும் சின்ன அளவில் இதே வேலையைத்தான் செய்கிறது. தூசியைக் குறைப்பதில்லை, பிடித்து வைப்பதும் இல்லை. ஒரு மில்லிகிராம் கூடக் குறையாத அதே தூள், சக்கரத்தின் முகப்பில் படியாமல் உள்பக்கமாக ரோட்டில் கொட்டுகிறது. பின்னால் வரும் டூவீலர்காரருக்கும், டோல்கேட் ஓரத்தில் கடை போட்டிருப்பவருக்கும் அதனால் எந்த லாபமும் இல்லை. பளபளப்பு மட்டும் கார் வைத்திருப்பவருக்கு.

சூடு எங்கே போகும்?

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் 1,000 கிலோ காரை ஒரு முறை நிறுத்தினால் உண்டாகும் வெப்பம், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. 80 கி.மீ. வேகம் என்றால் இரண்டு டம்ளர் இல்லை, நான்கு டம்ளர். இந்தச் சூட்டைக் காற்றுதான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அலாய் வீலில் இவ்வளவு இடைவெளி விட்டிருப்பது அழகுக்காக மட்டுமில்லை. ஷீல்டு போடுவது அந்த ஜன்னலைச் சாத்துகிற மாதிரி. ‘எங்கள் ஷீல்டில் காற்றுத் துளை இருக்கிறது’ என்று சொல்வார்கள். காற்று போகும் துளையில் தூசியும் போகும்தானே?

டிஸ்க் அளவுக்கு மேல் சூடானால் பேடின் பிடிப்பு குறையும். மிதித்தும் வண்டி நிற்கத் தாமதிக்கும். சூடு பிரேக் ஆயிலுக்கும் பரவும். டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பிறகு 140 இருந்தாலே விதிப்படி போதும். கடலோர ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டால் பெடல் பொதபொதவென்று தரை வரை இறங்கும்.

ஊருக்குள் 30 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகிறவருக்கு இவ்வளவு சூடு வருமா என்றால், நியாயமான கேள்விதான். தினசரி ஆபீஸ் போய் வருவதில் பெரும்பாலும் வராது. ஆனால் அதே கார்தான் லாங் வீக்எண்டில் ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஏலகிரி போகிறது, 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலைக்கும் போகிறது. மலை இறங்கும் முன் நாலு சக்கரத்தையும் கழற்றி ஷீல்டை எடுத்து டிக்கியில் போடப் போகிறவர் யார்?

பொருத்துவதிலும் சிக்கல் உண்டு. சக்கரமும் ஹப்பும் நேருக்கு நேர் ஒட்டி உட்காரும்படிதான் கம்பெனியில் செய்திருப்பார்கள். நடுவில் ஒரு தகடு நுழைந்தால் நட்டுக்குக் கிடைக்கும் மரை குறையும். உப்புக் காற்றில் அந்தத் தகடு துருப்பிடித்தாலோ வளைந்தாலோ நட்டு தளரலாம், ஸ்டியரிங் ஆடலாம்.

கழற்றக் கூடாத தகடு ஒன்று

குழப்பம் எங்கே என்றால், இதே பெயரில் இன்னொரு தகடும் இருக்கிறது. டிஸ்க்குக்கு உள்பக்கம் கம்பெனியே வைத்துத் தரும் தகடு. தண்ணீரும் கல்லும் டிஸ்க் மேல் நேரடியாக அடிக்காமல் காப்பது அதுதான். காற்று வழியைக் கணக்குப் பண்ணியே அதன் அளவை வைத்திருப்பார்கள். கடற்கரைப் பக்கம் ஓடும் கார்களில் இது சீக்கிரம் துருப்பிடிக்கும். அல்லது பொடிக்கல் சிக்கிக்கொண்டு ‘கீச்’ என்று கத்தும். ‘இது எதுக்கு சார், சும்மா சத்தம் போடுது’ என்று சிலர் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். விடாதீர்கள். கல்லை எடுத்துவிட்டு, நெளிந்த தகட்டை நிமிர்த்தினாலே பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும். மழைக்கு முட்டளவு தண்ணீர் நிற்கும் தெருக்களில் வண்டி ஓட்டுபவருக்கு அந்தத் தகடு அவசியம்.

தூசியே குறைய வேண்டும் என்றால்?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க அமலில் இருக்கும் பி.எஸ். 6 விதி, புகைக்குழாயைத்தான் பார்க்கிறது. பிரேக்கில் இருந்து வருவதற்கு அதில் வரம்பே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் நிறைவேற்றிய யூரோ 7 விதி முதல் முறையாக அதைத் தொட்டிருக்கிறது. சாதாரண கார் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு எலெக்ட்ரிக் கார் 3 மில்லிகிராம். புதிய மாடல்களுக்கு 2026 நவம்பர் 29 முதல். 7 மில்லிகிராம் என்பது கேட்க அற்பமாக இருக்கும். வருடம் 15,000 கி.மீ. ஓடும் காருக்கு 105 கிராம் ஆகிறது. ரோட்டில் எத்தனை கார் என்று பெருக்கிப் பாருங்கள். தெருவோரம் முழுக்க வீடுகள் இருக்கும் வடசென்னைக்கு இப்படியொரு விதி முதலில் வேண்டும். சக்கரத்துக்கு அலங்காரத் தகடு அல்ல.

விதி வரும் வரை கையில் இருப்பதைச் செய்யலாம். பேட் மாற்றும்போது தூசி குறைவாக வரும் செராமிக் வகை உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். டிரெய்லருக்குப் பின்னால் ஒட்டிப் போய்க் கடைசி நொடியில் மிதிக்காமல், இடைவெளி விட்டு முன்கூட்டியே ஆக்சிலரேட்டரை விடுங்கள். வாரம் ஒரு முறை, சக்கரம் ஆறிய பிறகு, ஷாம்பு தண்ணீரில் கழுவுங்கள். ஆசிட் கலந்த கிளீனர் வேண்டாம், அலாய் பூச்சு போய்விடும். பிரேக் ஆயிலை மேனுவலில் சொன்ன காலத்தில் மாற்றுங்கள்.

சர்வீஸுக்கு விடும்போது இன்னொன்று. பின் டிரம்மைக் கழற்றினால் உள்ளே சேர்ந்திருக்கும் தூளுக்கு ஏர் அடித்து ஊதுவது பல ஒர்க்‌ஷாப்களில் வழக்கம். மாஸ்க் கூட இல்லாமல் குனிந்திருக்கும் பையன் முகத்துக்குத்தான் அது நேராகப் போகிறது. லைனிங் பழசாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். ஏர் அடிக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான்.