காணா உலகும் கேட்கும் செவியும்

கண்ணுக்கு இமை உண்டு; செவிக்கு இல்லை. காண விரும்பாததை நாம் இமையால் மறைத்துக்கொள்ளலாம். கேட்க விரும்பாததோ நம் இசைவை எதிர்பாராமலே உள்ளே புகுந்துவிடுகின்றது. அன்றியும், கண் எளிதில் ஐயுறும் இயல்பினது. மேடையில் நிறுத்திய கோட்டையைக் கண்டவுடனே, ‘இஃது அட்டையாற் செய்தது’ என்று அது கண்டுகொள்ளும். ஆனால், திரைக்குப் பின்னே நம் தோழரொருவர் தகரத் தகட்டை அசைத்து இடியோசை எழுப்புங்கால், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர் திடுக்கிடுகின்றனர். ‘இது தகரம்’ என்று செவி ஆராய்வதில்லை. இடி என்றே ஏற்றுக்கொள்கின்றது. நாடகக் கலையின் பெரிய மறைபொருளொன்று இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றதென்பது நம் கருத்து.

உலகில் எங்கும் இல்லாத நாடுகள், நெருப்பை உமிழும் பறவைநாகங்கள், இறந்தபின் எழுந்து நடக்கும் மாந்தர் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட நாடகங்களை மாயப்புனைவு நாடகங்கள் என்பர். இக்காலத்துத் தொலைக்காட்சியில் அவை பெருகிவிட்டன. அவற்றைப் பேசுவோர் பெரும்பாலும் காட்சிகளின் பொலிவையும், அவற்றிற்குச் செலவிட்ட பெரும்பொருளையுமே வியந்து பேசுகின்றனர். இசையையும் ஒலியையும் உணவின்மேல் தூவிய கொத்தமல்லியாகக் கருதிக் கடந்துபோகின்றனர். நாம் இதற்கு உடன்படோம். அந்நாடகங்களில் நாம் வைக்கும் நம்பிக்கைக்கு ஒலியே அடித்தளம். அடித்தளமாக இருப்பதனாலேயே அது நம் மனச்சான்றையும் அசைக்க வல்லது. ஆதலின், அதனை விழிப்போடு கேட்டல் நம் கடன். இதனை ஒரு நாடகத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்னும் அமெரிக்க ஆசிரியர் எழுதிய நெடுங்கதை வரிசையைத் தழுவி, எச்.பி.ஓ. நிறுவனத்தார் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்னும் தொடரை 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாக, 73 பகுதிகளில் ஒளிபரப்பினர். அதனுள் நாம் ஏற்க இயலாத காட்சிகள் பல உள. அவற்றிற்காக வழக்காடுவது நம் நோக்கமன்று. அதன் இசையமைப்பாளர் ராமின் ஜவாதி என்பார். ஜெர்மனியிற் பிறந்த இவர், ஈரானியத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் மகனாவார். இத்தொடருக்கு அமைத்த இசைக்காக 2018, 2019 ஆகிய ஈராண்டும் எம்மி விருது பெற்றவர்.

பணியின் தொடக்கத்திலேயே தயாரிப்பாளர் இவரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தனராம்: இசையிற் குழல் வேண்டா என்பதே அது. மாயக்கதை என்றவுடன் குழலூதுதல் அவ்வகை நாடகங்களில் தேய்ந்துபோன வழக்கமாகிவிட்டதே காரணம். ஆகவே, தலைப்பிசையைச் செல்லோ என்னும் கனத்த நரம்புக்கருவி ஏந்தி நிற்கின்றது. மனிதக் குரலை ஒத்த அதன் தாழ்ந்த ஒலி, ‘இது தேவதைக் கதையன்று, மண்ணுக்காகவும் முடிக்காகவும் மாந்தர் மடியும் கதை’ என்பதை முதல் நொடியிலேயே உணர்த்திவிடுகின்றது. ஒரு கருவியை விலக்கியதனால் ஓர் உலகத்தின் தன்மையே தெளிவாயிற்று. வேண்டாததை நீக்குதலும் கலையின் பாற்பட்டதே.

இனி, இசையல்லாத ஒலியை நோக்குவோம். இத்தொடரில் வரும் பறவைநாகங்கள் கணிப்பொறியால் வரையப்பட்டவை. அவற்றை எவரும் எக்காலத்தும் கண்டதில்லை. அவற்றின் குரலை எவரும் கேட்டதுமில்லை. பவுலா ஃபேர்ஃபீல்ட் என்னும் ஒலியமைப்பாளர் மெய்யான விலங்குகள் பலவற்றின் குரல்களைக் கலந்து அவற்றிற்குக் குரல் கொடுத்தார். குட்டிப் பருவத்திற் கீச்சென்று ஒலித்த குரல், அவை வளர வளரத் தடித்து முழக்கமாகின்றது. கணிப்பொறி தந்தது தோலும் சிறகுமே; அவற்றினுள்ளே மூச்சை வைத்தது ஒலி. ஒலியை அடக்கிவிட்டு அக்காட்சியைப் பாருங்கள். சிறகுடைய பெரும்பல்லி ஒன்றே எஞ்சும்.

நாடுகளின் நிலையும் இதுவே. குதிரைமீது திரியும் டோத்ராக்கி மக்களுக்குப் பெருமுரசுகளின் அதிர்வு. வடக்கேயுள்ள பனிக்கூற்றுகளுக்குக் கண்ணாடியை உரசினாற்போன்ற கூரிய உயர்தொனி. ஒவ்வொரு குடிக்கும் தனித்தனி இசைத்தொடர். எனவே, திரையில் ஊர்ப்பெயர் எழுதிக் காட்டாவிடினும், நாம் எந்நிலத்தில் நிற்கின்றோம் என்பதைச் செவி அறியும். மேனாட்டில் இம்முறைக்கு மூதாதையாக ரிச்சர்ட் வாக்னரைச் சுட்டுவர். 1876-இல் பைராய்த் நகரில் முழுமையாக அரங்கேறிய அவருடைய நான்கு இசைநாடகங்களில் மோதிரத்திற்கும் வாளுக்கும் பறவைநாகத்திற்கும் தனித்தனி இசைக்குறிப்பு உண்டு.

தமிழ் பயிலும் நமக்கு இது வியப்பன்று. தொல்காப்பியனார் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுமிடத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை என்று உரைகாரர் வகுத்துக் காட்டுவர். மண்ணும் மரமும் எவ்வாறு நிலத்திற்கு உரியனவோ, அவ்வாறே ஒலியும் உரியது என்பது நம் முன்னோர் கொள்கை. வாக்னரோ ஜவாதியோ நம்மிடமிருந்து இதனைக் கற்றனர் என்று பெருமை பேசுதல் பேதைமையாம். எனினும், ஓர் உலகத்தைச் சொல்லால் அமைக்கப் புகுந்தவரும், அதனைக் காட்சியால் அமைக்கப் புகுந்தவரும் ஒரே தேவையை உணர்ந்தனர் என்பது சிந்தித்தற்குரியது.

நிற்க. ஒலி நிலத்தை உணர்த்துவதோடு அமையாது, நினைவையும் சுமக்கின்றது. ‘காஸ்டமியரின் மழை’ என்னும் பாட்டை இதற்குச் சான்று கூறலாம். தன்னை எதிர்த்த குடியொன்றை டைவின் லானிஸ்டர் என்னும் பிரபு அடியோடு அழித்த செய்தியே அப்பாட்டின் பொருள். சொற்கள் மார்ட்டின் எழுதியவை, மெட்டு ஜவாதியுடையது. 2012-இல் வெளிவந்த இரண்டாம் பருவத்தில் இப்பாட்டு போர்வீரர் மதுவருந்திக்கொண்டு பாடும் பாட்டாக நம்மிடம் வருகின்றது. நாமும் பொருளை ஆழ்ந்து எண்ணாமல் அதனை முணுமுணுக்கப் பழகிவிடுகின்றோம்.

அடுத்த ஆண்டு, மூன்றாம் பருவத்தின் ஒன்பதாம் பகுதியில், திருமண விருந்தொன்று நிகழ்கின்றது. பழம்பகை தீர்ந்ததென்று யாவரும் மகிழ்ந்திருக்கின்றனர். மண்டபத்தின் கதவுகள் அடைக்கப்படுகின்றன. மேல்மாடத்திலுள்ள இசைவாணர் வேறொரு மெட்டைத் தொடங்குகின்றனர். மணமகனின் தமக்கையும் இளம் அரசனின் தாயுமான கேட்லின் அதனைச் செவியுற்றதும் அவள் முகம் மாறுகின்றது. நம் முகமும் உடன் மாறுகின்றது. ஒருவரும் வாளை உருவவில்லை. ஒரு சொல்லும் பேசப்படவில்லை. எனினும், விருந்துக்கு அழைத்தவரே கொலைஞர் என்பதை ஒரு மெட்டு அறிவித்துவிட்டது. பின்னர் நிகழும் கொடுமையைக் காட்டிலும், மெட்டைக் கேட்ட அந்தச் சில நொடிகளே நம்மை மிகுதியும் நடுங்கச் செய்கின்றன. அப்பகுதி முடிந்து பெயர்கள் ஓடுங்கால் இசையே இல்லை, முழு அமைதி. வழக்கமாக ஒலிக்கும் இசை அங்கு ஒலித்திருக்குமாயின், ‘இது நாடகந்தானே’ என்று நாம் தேறியிருப்போம். அத்தேறுதலையும் நமக்கு மறுத்துவிட்டனர். அமைதியும் இசையமைப்பாளரின் கருவிகளுள் ஒன்றே.

இதுவரை கூறியன ஒலியின் ஆற்றலுக்குப் பெருமை சேர்ப்பன. இனிக் கூறப்போவது அவ்வாற்றலைப் பற்றி நமக்கு எழுந்த அச்சம்.

2016-இல் வெளிவந்த ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதியை, விடுதி அறையொன்றில் நாம் சிலர் கூடியிருந்து கண்டோம். செர்சி என்னும் அரசமாது விசாரணைக்கு அழைக்கப்பட்டிருக்கின்றாள். பேராலயத்தில் மக்கள் குழுமியிருக்கின்றனர். அதுகாறும் அத்தொடரில் ஒலித்திராத பியானோ, ஒன்று, இரண்டு என்று தனித்த சுரங்களாகத் தொடங்குகின்றது. பின்னர்ச் செல்லோ, பின்னர் இளஞ்சிறுவர் குரல், பின்னர் ஆர்கன். ஏறத்தாழப் பத்து நிமிட நேரம் அவ்விசை மெல்ல மெல்ல ஏறுகின்றது. பழகாத கருவியாதலால், நிகழாதது ஏதோ நிகழப்போகின்றதென்று செவி அறிந்துகொள்கின்றது. முடிவில் ஆலயத்தின் அடியில் மறைத்து வைத்திருந்த எரிபொருள் பற்றிக்கொள்ள, உள்ளிருந்தோர் அனைவரும் சாம்பலாகின்றனர். ஆலயத்தை அடுத்துள்ள தெருக்களும் அழிவினின்று தப்பவில்லை. செர்சி மாளிகைச் சாளரத்தில் நின்று மது அருந்துகின்றாள்.

அப்பொழுது நம்முள் ஒருவர் கைதட்டினார். வேறு சிலரும் தட்டினர். நாமும் தட்டினோம் என்பதை மறைப்பதிற் பயனில்லை. காட்சி முடிந்தபின், மூலையிலிருந்த நண்பரொருவர், ‘உள்ளே எத்தனை பேர் இருந்தனர்?’ என்று வினவினார். விடை கூறுவாரில்லை. அவ்வினா அதுவரை எவருக்கும் தோன்றவேயில்லை.

ஏன் தோன்றவில்லை? இசை தோன்றவிடவில்லை என்பதே நம் விடை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஆர்கன் ஒலி கேட்டு வளர்ந்தோர் நம்மிற் பலர். அவ்வொலி எழுந்தவுடன் நம் தலை தானே தாழும். சிறுவர் குரல் சேர்ந்தால் நெஞ்சம் இளகும். வழிபாட்டிற்குப் பழகிய அவ்வுணர்ச்சியை எடுத்து, ஒரு படுகொலையின் அடியில் விரித்துவிட்டனர். நம் அறிவு கொலையைக் கண்டது. நம் செவியோ ஒரு திருச்சடங்கைக் கேட்டது. இரண்டினுள் செவியே வென்றது.

இதனால் ஜவாதி தீங்கிழைத்தார் என்று நாம் கூறவில்லை. செர்சியின் உள்ளத்தில் அவ்வழிவு திருச்சடங்காகவே விளங்கிற்று. அவ்வுள்ளத்தினுள் நம்மைப் புகச்செய்ததே கலைஞரின் வெற்றி. பகைவனின் நெஞ்சத்துள் நின்று பார்க்கப் பழக்குதல் நாடகத்தின் சிறந்த பணிகளுள் ஒன்று. ஆனால், உள்ளே புகுந்தவர் வெளியேறவும் அறிந்திருத்தல் வேண்டும். வெளியேறும் வாயிலைக் காட்டுவது இசையின் கடமையன்று. அது நம் கடமை.

அத்தொடரே பின்னர் இதனை நமக்கு உணர்த்திற்று என்று கூறலாம். 2019-இல் வெளிவந்த கடைப்பருவத்தின் ஐந்தாம் பகுதியில், நகரத்தின் மணிகள் ஒலிக்கின்றன. மணியோசை சரணடைந்தோம் என்பதற்கு அடையாளம். அதனைக் கேட்டும் டெனேரிஸ் என்னும் அரசி பறவைநாகத்தை ஏவி நகரை எரிக்கின்றாள். இசையின் இன்பத்தில் நாம் மறந்த மக்களை அங்கே தெருத்தெருவாகக் காண்கின்றோம். மணியைக் கேட்டபின்னும் அதன் பொருளைக் கொள்ளாத செவி எத்துணை அழிவுக்கு இடமாகும் என்பதற்கு இதைக்காட்டிலும் வேறு சான்று வேண்டுமோ?

‘இவ்வளவு ஆராய்ந்து கேட்டால் இன்பம் குன்றாதோ?’ என்று சிலர் வினவலாம். குன்றாது. யாப்பறிந்து செய்யுளைப் படிப்பவன் யாப்பறியாதவனினும் குறைந்த இன்பம் பெறுகின்றானா? சீரும் தளையும் தன்னை எங்கே இழுத்துச் செல்கின்றன என்று அறிந்தே அவன் செல்கின்றான். அவன் சுவைப்பவனாகவும் இருக்கின்றான். தன்னை இழவாதவனாகவும் இருக்கின்றான். கேள்வியையும் அவ்வாறே பயிலுதல் கூடும்.

ஆனால், நம் விடுதிகளில் இப்பயிற்சிக்கு இடமேது? கைப்பேசியின் சிறுதிரையில், ஒன்றரை மடங்கு வேகத்தில், தலைப்பிசையைத் தாண்டிவிட்டு, நண்பரோடு உரையாடிக்கொண்டே நாடகம் காண்கின்றோம். பத்து நிமிடம் பொறுமையோடு கட்டிய இசையை ஆறேழு நிமிடங்களிற் கடந்துவிடுகின்றோம். இங்ஙனம் கேட்பதனால் அதன் வயப்படாமல் தப்பினோம் என்று எண்ணுதல் தவறு. அரைகுறையாகக் கேட்பவனையே ஒலி எளிதில் ஆள்கின்றது. ஏனெனில், அவன் அதனைக் காவலின்றி உள்ளே விடுகின்றான்.

ஆகவே, அன்பர்களே, நாம் வேண்டுவன இரண்டே. இத்தகைய நாடகங்களைக் காண்பதாயின் முழுச்செவியும் கொடுத்துக் காணுங்கள். நெஞ்சை உருக்கும் காட்சி ஒன்று முடிந்ததும், ஒலியை முற்றும் அடக்கிவிட்டு அதனை மற்றொரு முறை காணுங்கள். முதன்முறை அழுத இடத்திலும் கைதட்டிய இடத்திலும் மறுமுறையும் அவ்வாறே செய்ய நெஞ்சம் ஒப்புகின்றதா என்று பாருங்கள். ஒப்பினால் அவ்வுணர்ச்சி நம்முடையது. ஒப்பாவிடின் அஃது இரவல்.

செவிக்கு இமை இல்லையென்று தொடக்கத்திற் கூறினோம். அக்குறையை நிறைத்தற்கன்றோ நமக்கு அறிவு அளிக்கப்பட்டிருக்கின்றது? நாளை மேடைகளிலும் தேர்தற் களங்களிலும் நம் செவியை நாடி எத்தனையோ முரசுகள் முழங்கும். மாய உலகத்து முரசைக் கேட்கும்பொழுதே விழித்திருக்கப் பழகியவன், மெய்யுலகத்து முரசுக்கு மயங்கமாட்டான்.