தேர் திரும்பும் முனை

பங்குத் திருவிழா நெருங்குகிறது. கொடியேற்றம், நவநாள், திருப்பலி, தேர்ப்பவனி என அழைப்பிதழ் அச்சாகிறது. வாணவேடிக்கைச் செலவை மணிக்கணக்கில் பேசும் நாம், தேர் எந்த முனையில் திரும்பிவிடுகிறது என்பதை மட்டும் பேசுவதில்லை.

தெரு குறுகல், மின்கம்பி தாழ்வு என்கிறோம். உண்மை நமக்குத் தெரியும். தலித் மக்களின் திருவிழா வரியை வாங்க மறுத்துவிட்டு, "வரி கொடாதவர்க்கு உரிமை ஏது?" என்றும் நாமே கேட்கிறோம்.

இது அற்பச் செய்தியன்று. 2003-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், சாதிப் பாகுபாடு நற்செய்திப் பணிக்குப் பெருந்தடை எனத் தமிழக ஆயர்களிடம் எச்சரித்தார். 2008 மார்ச்சில் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் சமத்துவம் கோரியதையடுத்து மூண்ட மோதலின்போது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர்.

"ஊர் வழக்கம் சாமி, கிளறாதீர்கள்" என்பர். யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட ஆண்டவர், வழக்கத்தையா காத்தார்? ஊரமைதியைக் காரணம் காட்டி வாய்மூடிக் கிடந்த குருக்களாகிய நாமும் இப்பாவத்தில் பங்காளிகளே.

ஆகவே இவ்வாண்டு தேர் செல்லும் தெருக்களின் பெயர்களையும் அழைப்பிதழில் அச்சிடுவோம். ஒரு தெருவும் விடுபட வேண்டாம். அதற்கு மனமில்லையேல், தேர் கொட்டகையிலேயே நிற்கட்டும்.