உயராத ஒரு கை

சிட்னி லூமெட் இயக்கி 1957இல் வெளிவந்த 'ட்வெல்வ் ஆங்க்ரி மென்' திரைப்படத்தை நண்பர்கள் சிலர் கூடி அண்மையில் மீண்டும் பார்த்தோம். முடிந்ததும், முதன்முறையாகப் பார்த்த நண்பர் கேட்டார்: "அப்படியானால் கொன்றது யார்?" எங்களில் எவரிடமும் விடையில்லை. படத்திலும் இல்லை. அந்த விடையின்மையே இப்படத்தின் பெருமை என்பது எங்கள் எண்ணம். (கதை முழுவதையும் பேசப்போகிறோம், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாக நியூயார்க்கில் 18 வயதுப் பையன்மீது வழக்கு. குற்றம் உறுதியானால் மரண தண்டனை. புழுக்கமான ஓர் அறையில் பன்னிரண்டு ஜூரர்கள். முதல் வாக்கெடுப்பில் பதினொரு கைகள் உயர்கின்றன. அவற்றுள் சில அக்கம்பக்கம் பார்த்து, தயங்கியே உயர்கின்றன. ஹென்றி ஃபோண்டா நடித்த எட்டாம் ஜூரரின் கை மட்டும் உயரவில்லை. பையன் நிரபராதி என்று அவர் வாதிடவில்லை. தமக்குத் தெரியவில்லை, ஓர் உயிரைப் பற்றிச் சற்று நேரமாவது பேசலாமே என்கிறார்.

"இறுதியில் உண்மை வென்றது" என்று இப்படத்தைப் புகழ்வோர் உண்டு. அதை நாங்கள் ஏற்கவில்லை. வென்றது உண்மையன்று, ஐயம். கால் இழுத்து நடக்கும் கிழவர் 15 விநாடியில் கதவருகே வந்து பையனைப் பார்த்திருக்க முடியுமா? ரயில் இரைச்சலில் அவருக்குக் குரல் கேட்டிருக்குமா? இக்கேள்விகள் பையனின் குற்றமின்மையை நிறுவவில்லை. சாட்சியத்தின் உறுதியை மட்டுமே குலைக்கின்றன. சட்டம் கேட்பதும் அவ்வளவே.

இவ்வகையில் எங்களை மிகவும் கவர்ந்தவர் ஃபோண்டா அல்லர், ஈ. ஜி. மார்ஷல் நடித்த நான்காம் ஜூரர். அவரிடம் கோபமோ காழ்ப்போ இல்லை. எதிர்வீட்டுப் பெண் கொலையைக் கண்ணால் கண்டாள் என்ற சாட்சியத்தை நம்பியே நிற்கிறார். அவர் மூக்கின் மேற்புறத்தைத் தேய்த்துக்கொள்வதைக் கண்ட முதியவர் ஒருவருக்கு, அப்பெண்ணின் மூக்கிலும் கண்ணாடித் தழும்பு இருந்தது நினைவுக்கு வருகிறது. படுக்கையில் கண்ணாடி அணிவார் உண்டா? நான்காமவர் சற்றே யோசித்துத் தம் முடிவை மாற்றிக்கொள்கிறார். தோற்றோம் என்ற கசப்பு அவரிடம் இல்லை. வாதத்தில் இப்படி வளைந்து கொடுக்க நம்மில் எத்தனை பேரால் இயலும்?

குறையும் சொல்ல வேண்டும். எட்டாமவர் தாமே கடைக்குச் சென்று அதே போன்ற கத்தியை வாங்கி வருகிறார். மெய்யான நீதிமன்றத்தில் ஜூரர் இப்படித் தனியே துப்புத் துலக்குவது முறைகேடு. விசாரணையே செல்லாது போகக்கூடும்.

ஆயினும் அந்த ஒற்றைக் கைக்கு வலிமை தந்தது அவருடைய நாவன்மை மட்டுமன்று. பன்னிருவரும் ஒருமித்தாக வேண்டும் என்ற விதி. 10–2 என்ற பெரும்பான்மையே போதும் என்றிருந்த லூசியானா, ஓரிகன் மாநிலங்களின் முறையையும் 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. பெரும்பான்மை போதுமென்றால் இப்படம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

நம் ஊரில் ஜூரி முறை இருந்த நாளில் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் அவ்வாறே தண்டிக்கப்பட்டனர். பிரிவி கவுன்சில் தலையிட்ட பிறகு, 1947இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சிறையில் கழிந்த ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர இயலவில்லை. பாகவதரின் பழைய புகழும் மீளவில்லை. "அப்படியானால் கொன்றது யார்?" என்று அவ்வழக்கைப் பற்றியும் இன்றளவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

நண்பர் விடவில்லை. "ஒருவேளை பையன்தான் கொன்றிருந்தால்? செத்தவனுக்காக யார் பேசுவது?" நியாயமான கேள்விதான். அவனே கொன்றிருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்பதைச் சுமந்துகொண்டுதான் பன்னிருவரும் மழை நனைத்த நீதிமன்றப் படிகளில் இறங்குகிறார்கள். தவறாகத் தூக்கிலிட்டுவிட்டோமோ என்ற எண்ணத்தைச் சுமப்பதைவிட அது இலகுவானது என்றே நாங்கள் கருதுகிறோம். நண்பர் இன்னும் உடன்படவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.