பங்கு

படுக்கப்போகும் முன் தினமும் ஆண்டவருக்கு ஐந்து நன்றிகள் எழுத வேண்டும் என்று எங்கள் அன்பியக் கூட்டத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். செபமாலை, நற்செய்தி வாசகம், கடைசியில் ஒவ்வொருவராக நன்றி சொல்வது, பிறகு காப்பி. நான் சொன்ன சொல் தட்டாதவள். ஆறு வருடம் விடாமல் எழுதினேன். இருநூறு பக்க நோட்டுகள் பதினொன்று நிரம்பின.

போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அவற்றை எடுத்துப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. "அண்ணன்கள் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள், நன்றி ஆண்டவரே. வெயிலில் அலையவிடாமல் காரில் கூட்டிப்போனார்கள், நன்றி ஆண்டவரே. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஓட்டலில் சாப்பிட்டோம், நன்றி ஆண்டவரே."

எந்த நாள் என்று தேதியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்பா விட்டுப்போன வீட்டில் எனக்கிருந்த பாகத்தை அண்ணன்கள் பேருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாள். அந்தப் பக்கத்தில் புடவை இருக்கிறது, கார் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. பத்திரம் மட்டும் இல்லை. பத்திரம் என்ற சொல்லே பதினொரு நோட்டுகளிலும் இல்லை.

எனக்குப் பங்கே இல்லையென்றால் என் கையெழுத்து எதற்குத் தேவைப்பட்டது? இந்தக் கேள்வி எனக்கு அன்று தோன்றவில்லை. "பொறந்த வீட்டு வாசப்படி வேணும்னா கேள்வி கேக்காத" என்று அம்மா சொன்னதுதான் காதில் இருந்தது. தோன்றியிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். நன்றி நோட்டில் கேள்விக்கு இடமில்லை.

தினமும் கடவுளுக்கு நன்றி சொல்வதை நான் எதிர்க்கவில்லை. காலையில் கண் விழிப்பதற்கும், மழைக்கும், பேத்தியின் சிரிப்புக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அவை எனக்கு யாரும் தரக் கடமைப்படாதவை. நான் எதிர்ப்பது வேறொன்றை. பெண்ணுக்குச் சேரவேண்டியதைப் பிடித்துவைத்துக்கொண்டு, அதில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுத்து, அதற்கு அவள் வாயாலேயே கடவுளுக்கு நன்றி சொல்லவைப்பது பக்தியாகாது. திருட்டுக்குத் தூபம் காட்டுவதற்குப் பேர் பக்தியா?

எங்கள் ஊர்க் கோவிலின் கதையிலேயே இது இருக்கிறது. புனித அந்திரேயா ஆலயத்தை 1745இல் கட்டியவர் கனகராய முதலியார், பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷ். 1739இல் இறந்துபோன தன் மகனின் நினைவாகக் கட்டினார். கோவில் திறந்தபோது எல்லாச் சாதியாரையும் அழைத்து ஒழுகரையில் பெரிய விருந்து நடத்தினார். துய்ப்ளேக்ஸ் துரையே வந்ததாக ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். இதுவரை எல்லாருக்கும் தெரியும், திருவிழாப் பிரசங்கத்தில் வரும்.

பிரசங்கத்தில் வராத பகுதி அடுத்த வருடம் நடந்தது. 1746இல் கனகராய முதலியார் இறந்தார். சொத்து யாருக்கு என்று அவர் தம்பிக்கும் விதவைக்கும் வழக்கு வந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடித் தம்பிக்கே என்று தீர்த்தார்கள். கணவனை இழந்த மனைவிக்கும், மகனை இழந்த அந்த வீட்டு மருமகளுக்கும் மிஞ்சியது ஜீவனாம்சம். தீர்ப்புச் சொன்னவர்களும் ஆண்கள், எழுதிவைத்தவரும் ஆண். சோறும் துணியும் கிடைத்ததற்கு அந்த இரண்டு பெண்களும் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் அன்றைக்கும் எதிர்பார்த்திருப்பார்கள்.

வேதத்திலேயே இருக்கிறதே என்பார்கள். எபேசியர் திருமுகம் ஐந்தாம் அதிகாரம், இருபதாம் வசனம்: எல்லாவற்றுக்காகவும் நன்றி சொல்லச் சொல்கிறது. உண்மை. இருபத்திரண்டாம் வசனம் மனைவியர் கணவருக்குப் பணியச் சொல்கிறது. அதுவும் உண்மை, கல்யாணப் பூசைகளில் கேட்டுக் கேட்டுப் பழகியது. நடுவில் இருபத்தொன்று என்று ஒரு வசனம் இருக்கிறது. ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்கிறது, ஆணையும் சேர்த்து. இருபதிலிருந்து இருபத்திரண்டுக்குத் தாவிப்போகும் பிரசங்கத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

லூக்கா நற்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர் குணமாகிறார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொல்கிறான். நன்றிப் பிரசங்கம் எல்லாம் இந்த இடத்தில்தான் நடக்கும். குணமான பிறகுதான் அவன் வந்தான் என்பதைக் கவனியுங்கள். புண்ணோடு நிற்பவனிடம் இயேசு நன்றி கேட்கவில்லை.

அடுத்த அதிகாரத்தைத் திருப்புங்கள். ஒரு விதவை. நியாயம் கேட்டு நடுவரிடம் போகிறாள், திரும்பத் திரும்பப் போகிறாள், தொல்லை தாங்காமல் அவன் தீர்ப்புத் தருகிறான். மனந்தளராமல் செபிப்பதற்கு இயேசு காட்டிய உதாரணம் இந்தப் பெண். அதற்கும் அடுத்து ஒரு பரிசேயர். கோவிலில் நின்று, தான் மற்றவர்களைப் போல இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொல்கிறார். அந்த நன்றியை இயேசு ஏற்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. "எதிர்வீட்டுக்காரர் போல என் வீட்டுக்காரர் குடிப்பதில்லை, நன்றி ஆண்டவரே" என்று நானும் எழுதியிருந்தேன். அடுத்தவள் அடிபடுவதை அளவுகோலாக வைத்து என் பாக்கியத்தை அளந்திருக்கிறேன்.

பங்கு கேட்பது குடும்பத்தைப் பிரிக்கும், கிறிஸ்தவப் பெண்ணுக்கு அழகல்ல என்பார்கள். திருவிதாங்கூரின் 1916ஆம் வருடத்துக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில், மகனுக்குக் கிடைப்பதில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1986இல் தீர்ப்பு வந்தது: மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவர் நன்றி நோட்டு எழுதியிருந்தால் அந்தத் தீர்ப்பு இல்லை. அதன் பலனை அனுபவித்த ஆயிரமாயிரம் மகள்களின் நன்றிக்கும் இடமில்லை.

மாணவிகளுக்கு ஒன்று சொல்கிறேன். நன்றி எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கொடுத்தவருக்கு இதை மறுக்க உரிமை இருந்ததா? இருந்தால் அது பரிசு, மனதாரச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது உங்கள் பங்கு. படிக்க அனுப்பியது, சம்பளத்தை உங்கள் கையில் விட்டது, அடிக்காமல் இருப்பது, இவையெல்லாம் பரிசல்ல.

நான் இப்போதும் எழுதுகிறேன். பன்னிரண்டாவது நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். இடப்பக்கம் நன்றி. வலப்பக்கம் எனக்கு வரவேண்டியது, அந்த விதவையின் பக்கம். சில நாள் இடப்பக்கம் நிறைகிறது, சில நாள் வலப்பக்கம். இரண்டையும் ஆண்டவர் முன்னால்தான் வைக்கிறேன்.

எங்கள் மொழியில் கோவிலைச் சேர்ந்த மக்களுக்கும் பங்கு என்றுதான் பேர், சொத்தில் பாகத்துக்கும் பங்கு என்றுதான் பேர். முதல் பங்கில் எங்களைச் சேர்த்துக்கொண்டவர்கள் இரண்டாவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. போன மாதம் கூட்டத்தில் என் முறை வந்தபோது புடவைக் கதையையும் பத்திரக் கதையையும் சொன்னேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. காப்பி ஆறிப்போனது.

மறுவாரம் கூட்டம் முடிந்ததும் ஒரு சின்னப் பெண் மட்டும் நின்றாள். கல்யாணமாகி ஒரு வருடம்தான். கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். தம்பி கொடுத்தனுப்பிய பத்திரத்தின் நகல்.

"இன்னும் கையெழுத்துப் போடலக்கா" என்றாள்.

அன்றிரவு இடப்பக்கத்தில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.