சைபரிலிருந்து பத்தாயிரம் டாலர்: சொல்லப்படாத பாதி

ஆன்லைன் போக்கர் ஆடத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு உபதேசம் கிடைத்துவிடும். ஆட்டத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வை, அதுதான் உன் பேங்க்ரோல். ஒரு மேசையில் உட்காரக் கட்டும் பை-இன்னைப் போல 20 மடங்கு கையில் இருக்கட்டும். தொகை பெருகினால் அடுத்த மேசைக்கு ஏறு. இந்தக் கட்டுப்பாடு இருந்தால் போதும், இன்றில்லாவிட்டால் நாளை பெரிய மேசைக்குப் போய்விடலாம். சாட்சிக்கு கிறிஸ் ஃபெர்குசனை அழைப்பார்கள்.

பணத்தை ஒதுக்கி வைப்பதில் எனக்குத் தகராறில்லை. 'போதும்' என்ற சொல்லில்தான் தகராறு. சாட்சியிலிருந்தே தொடங்குவோம்.

ஃபெர்குசன் 2000ஆம் ஆண்டின் உலக போக்கர் சாம்பியன். கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2006இல் ஃபுல் டில்ட் தளத்தில் ஒரு சென்ட்கூடப் போடாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டாலர் சேர்த்துக் காட்டுகிறேன் என்று இறங்கினார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் சேர்த்தும் காட்டினார். ஆனால் முதல் ஏழு மாத உழைப்புக்குப் பிறகு அவர் கையில் இருந்தது ஆறரை டாலர். உலக சாம்பியனுக்கே அந்தக் கதி! இந்த ஆறரை டாலரை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

அவருக்குப் பணம் வந்தது அவருடைய ஆட்டத்தால். எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் உதவினார்கள். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர், ஆன்லைன் தகுதிப் போட்டி வழியாக வந்து உலகப் பட்டத்தை வென்ற பிறகு, லட்சக்கணக்கான புதியவர்கள் தளங்களில் குவிந்திருந்த காலம் அது. விதிகள் செய்த வேலை, வந்த பணம் ஒரே இரவில் போய்விடாமல் பார்த்துக்கொண்டது. சராசரியாகத் தோற்கிறவருக்கு அதே விதிகளைக் கொடுத்துப் பாருங்கள்: ஓட்டைக் குடம் பெரிதானால் வற்றக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். போதாததற்கு, பந்தயப் பணத்திலிருந்து தளம் எடுக்கும் பங்கான ரேக் சின்ன மேசைகளில்தான் விகிதத்தில் அதிகமாகக் கடிக்கும்.

அடுத்து அந்த 20. இது எங்கோ வானத்திலிருந்து வந்த எண் போலப் புழங்குகிறது. திவாலாகும் வாய்ப்பைக் கணக்கிட ஒரு எளிய சூத்திரம் உண்டு. அதற்கு வேண்டியவை மூன்று: கையிருப்பு, 100 கைக்குச் சராசரி லாபம், அந்த லாபம் ஏறி இறங்கும் அளவு. ஆறு பேர் ஆடும் நோ-லிமிட் ஹோல்டெம் மேசையில் மூன்றாவது எண்ணை 100 பிக் பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கும் பெரிய பந்தயம்) என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பை-இன் 100 பிக் பிளைண்ட், 20 பை-இன் என்றால் 2,000 பிக் பிளைண்ட். 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கிற, நல்ல ஆட்டக்காரர் என்றே சொல்லத்தக்கவர், அதே மேசையில் ஆடிக்கொண்டே இருந்தால் மொத்தமும் போக 13 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. 2 பிக் பிளைண்ட் ஜெயிப்பவருக்கு அதுவே 45 சதவீதம். ஆபத்தை 2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர அவருக்கு 100 பை-இன் வேண்டும். லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று ஆடுகிறவர் கடைசியில் திவாலாவது நிச்சயம். இருபது யாருக்குப் போதும் என்பது அவர் எவ்வளவு ஜெயிக்கிறார் என்பதைப் பொறுத்தது. உபதேசத்தில் இல்லாதது அந்த எண்தான்.

"என் எண் எனக்குத் தெரியும், 50,000 கை ஆடிவிட்டேன், 100 கைக்கு 4 லாபம்" என்பார்கள். அதே ஏற்ற இறக்கத்தை வைத்துப் பார்த்தால், 50,000 கைக்குப் பிறகும் சராசரி நாலரை பிக் பிளைண்ட் இப்படியோ அப்படியோ பிசகுவது சாதாரணம். உண்மையில் லாபநட்டமில்லாத ஐந்து பேரில் கிட்டத்தட்ட ஒருவர், வெறும் சீட்டு வாக்கில் இதே 4ஐயோ அதற்கு மேலேயோ காட்டுவார். அவரும் "தயார்" என்று மேலே ஏறுவார். மேலே உட்கார்ந்திருப்பவர்களோ கீழே இருந்தவர்களைவிடத் தேர்ந்தவர்கள். பந்தயம் இரண்டு மடங்கானால் வருமானமும் இரண்டு மடங்காகும் என்ற கணக்கு அங்கேயே உடைகிறது.

இதற்காக, விதியே வேண்டாம், துணிந்து உட்கார் என்பவர்கள் பக்கம் நான் போகவில்லை. 2009 டிசம்பரில் விக்டர் ப்ளோம் என்ற ஆன்லைன் ஆட்டக்காரர் சுமார் ஐந்து மணி நேரத்தில் பிரையன் ஹேஸ்டிங்ஸ் என்ற இன்னொரு ஆட்டக்காரரிடம் 40 லட்சம் டாலருக்கு மேல் இழந்தது அவர்களுக்கே தெரியும்.

ஃபெர்குசனின் விதிகளை முழுதாகப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். பண மேசையில் கையிருப்பின் 5 சதவீதத்துக்கு மேல் கட்டக் கூடாது, பெரிய போட்டிகளில் 2 சதவீதம். இவை இரண்டும் எல்லோருக்கும் மனப்பாடம். மூன்றாவது: மேசையில் உள்ள உங்கள் பணம் மொத்தக் கையிருப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினால், அடுத்து பிளைண்ட் உங்களிடம் வரும்போது எழுந்துவிட வேண்டும். 200 டாலர் வைத்திருப்பவர் 10 டாலரோடு உட்காருகிறார். ஒரு மணி நேரத்தில் அது 24 ஆகிறது. எதிரே ஒருவர் எந்தச் சீட்டு வந்தாலும் பணத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். எழுந்து போக யாருக்கு மனம் வரும்? அதைவிடக் கஷ்டம் கீழே இறங்குவது. 200 என்பது 90 ஆனால், பாதி விலை மேசைக்கும் குறைவானதில் போய் உட்கார வேண்டும். ரோஷம் விடாது. அப்படி இறங்கத் தயாராக இருப்பவருக்கு மேலே சொன்ன 13 சதவீத ஆபத்து வெகுவாகக் குறையும். ஆனால் ஏறும் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கும் விதியை விட்டவரை எந்தக் கையிருப்பும் காப்பாற்றாது.

இன்னொரு நம்பிக்கை, கணக்கில் தெரியும் தொகை கையில் இருக்கும் தொகை என்பது. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு ஃபுல் டில்ட் உள்ளிட்ட தளங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. அந்தச் செப்டம்பரில் நீதித்துறை சொன்ன கணக்கு இது: ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. குற்றம் சாட்டப்பட்ட இயக்குநர்களில் ஃபெர்குசனும் ஒருவர். 2012இல் போக்கர்ஸ்டார்ஸ் அந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014இல்தான். அதுவரை 5 சதவீத விதியைக் காத்தவர்களின் பணமும் மீறியவர்களின் பணமும் ஒன்றாகவே முடங்கிக் கிடந்தன.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் மொத்தமாகத் தடுக்கிறது. அதைத் தாண்டி வெளிநாட்டுத் தளமொன்றில் 20 பை-இன் போட்டு வைத்திருப்பவருக்கு, தளம் கதவைச் சாத்தினால், மூன்று ஆண்டு கழித்தாவது திருப்பித் தர யாரும் இல்லை.